பம்பைக் கழற்றுமுன் கம்பியைப் பாருங்கள்!

களத்தில் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பூட்டி, கை ஆக்ஸிலேட்டர் லீவரைக் கடைசிவரை இழுத்தாயிற்று; ஆனால் என்ஜின் முழு வேகம் எடுக்க மறுக்கிறது. அல்லது அதற்கு நேர்மாறாக, லீவரைத் தாழ்த்திய பின்னரும் என்ஜின் உறுமிக்கொண்டே இருக்கிறது. பழைய டிராக்டரை வைத்துப் பிழைக்கும் குடும்பத்தார் இவ்விரண்டில் ஒன்றையேனும் சந்தித்திருப்பர். உடனே நம் ஐயம் டீசல் பம்பின் மீது பாய்கிறது. "பம்பு போய்விட்டது" என்று எவரேனும் சொல்லிவிட்டால் நம்பியும் விடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. என் தந்தையார் விட்டுச்சென்ற பழைய டிராக்டர் ஓர் அறுவடையின்போது வேகம் எடுக்காமல் திணறியது. பம்பைக் கழற்றி நகரத்துப் பட்டறைக்கு அனுப்பினோம். பத்து நாட்கள் கழிந்தன. கையிலிருந்த பணமும் கரைந்தது. பம்பு திரும்பி வந்தது. கோளாறு அப்படியே இருந்தது! அவ்வழியே வந்த முதிய ஓட்டுநர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், பம்பு மேலே குத்தமில்லே. இந்தக் கம்பியைப் பாருங்க" என்றார். இணைப்புக் கம்பியின் முனையில் இருக்கவேண்டிய பின் இல்லை. அதற்குப் பதிலாக எப்போதோ நாங்களே முறுக்கி வைத்த கட்டுக்கம்பி தேய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. சில ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. அன்று கற்ற பாடத்தையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

லீவருக்கும் பம்புக்கும் இடையே

சென்னையில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸே ஃபெர்குசன் 1035 நம் வயல்களில் பலரும் கண்டு பழகிய வண்டி. அதுபோன்ற பழைய டீசல் டிராக்டர்களில் கை ஆக்ஸிலேட்டர் லீவர் ஸ்டியரிங்கின் அருகே அமைந்திருக்கும். அங்கிருந்து இரும்புக் கம்பிகளும், அவற்றை இணைக்கும் மூட்டுகளும் வழியாக நம் கையசைவு டீசல் பம்பின் பக்கவாட்டிலுள்ள சிறு கையை அடைகிறது. காலால் மிதிக்கும் ஆக்ஸிலேட்டர் உள்ள வண்டிகளில் அதுவும் இதே இணைப்பில் வந்து சேர்கிறது.

இந்த லீவர் டீசலை நேரடியாகக் கூட்டிக் குறைப்பதில்லை. "இவ்வளவு வேகம் வேண்டும்" என்று பம்பினுள் இருக்கும் கவர்னருக்குக் கட்டளையிடுகிறது. பளு கூடி வேகம் குறையும்போது டீசலைக் கூட்டுவதும், பளு நீங்கும்போது குறைப்பதும் கவர்னரின் பணி. ஜேம்ஸ் வாட் 1788ஆம் ஆண்டு நீராவி இயந்திரத்தின் வேகத்தை அடக்கப் பயன்படுத்திய சுழலும் குண்டுகளின் தத்துவமே, பல டீசல் பம்புகளில் சுழலும் சிறு எடைகளாக இன்றும் பணியாற்றுகிறது.

கட்டளை சரியாகப் போய்ச் சேராவிட்டால் கவர்னர் என்ன செய்யும்? ஒரு மூட்டில் 2 மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பது நம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றாது. ஐந்து மூட்டுகளிலும் அவ்வாறே இருப்பின் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அசைவு வழியிலேயே வீணாகிறது. பி.டி.ஓ. தண்டால் ஓடும் கதிரடிப்பான் போன்ற பல கருவிகள் நிமிடத்திற்கு 540 சுற்று என்ற வேகத்திற்காக அமைக்கப்பட்டவை. அவ்வேகம் கிட்டாவிடில் மணி முழுமையாக உதிராமல் வைக்கோலோடு போய்விடும்.

வேகம் எடுக்கவில்லையா?

என்ஜினை நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கைப் போட்டு, பின்னால் தூக்கியிருக்கும் கலப்பையைத் தரையில் இறக்குங்கள். ஒருவர் லீவரை முழுமையாக இழுத்துப் பிடிக்க, மற்றவர் பம்பின் சிறு கையைக் கவனிக்க வேண்டும். அந்தக் கை அசையும் பாதையின் இரு முனைகளிலும் இரண்டு எல்லைத் திருகுகள் இருக்கும். ஒன்று குறைந்த வேகத்திற்கு. மற்றொன்று உச்ச வேகத்திற்கு.

கை உச்ச வேகத் திருகைத் தொட்டுவிட்டதா? அப்படியாயின் கம்பிகளின் மீது குற்றமில்லை. டீசல் ஃபில்டர், காற்று வடிகட்டி, டீசல் குழாயில் காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். இவை யாவும் சரியாக இருந்த பின்னரே பம்பை ஐயுற வேண்டும்.

தொடவில்லையா? கோளாறு கம்பிகளில்தான். வளைந்த கம்பி, தேய்ந்த பின், நீள்வட்டமாகிவிட்ட துளை, தளர்ந்த பால் ஜாயிண்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். தேய்ந்தவற்றை மாற்றிய பிறகு நீளத்தைச் சரிசெய்யலாம். லீவரையும் பம்பின் கையையும் குறைந்த வேக நிலையில் வைத்து, இரண்டுக்கும் இடையே கம்பி இழுபடாமலும் நெருக்கப்படாமலும் பொருந்துமாறு முனையைத் திருகி, லாக் நட்டை இறுக்குங்கள். பின்னர் உச்ச வேகத் திருகையும் கை தொடுகிறதா என்று மீண்டும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: உச்ச வேகத் திருகு பெரும்பாலும் கம்பி கட்டி முத்திரையிடப்பட்டிருக்கும். அம்முத்திரையை உடைத்துத் திருகி வேகத்தைக் கூட்ட ஒருபோதும் முயலாதீர்கள். அளவு கடந்த வேகம் என்ஜினையே உடைத்துவிடும்.

லீவர் தானே இறங்குகிறதா?

அதிர்வில் லீவர் மெல்ல மெல்லப் பின்வாங்கினால், அதைப் பிடித்து நிறுத்தும் உராய்வுத் தட்டு தேய்ந்திருக்கலாம். அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். மற்ற மூட்டுகளுக்கு எண்ணெய் நல்லது; இத்தட்டுக்கு மட்டும் எண்ணெய் விடலாகாது. விட்டால் பிடிப்பு அறவே போய்விடும்.

வேகம் குறையவில்லையா?

இதுவே ஆபத்தானது. என்ஜினை நிறுத்தி, பம்பின் கையிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, அந்தக் கையை விரலால் அசைத்துப் பாருங்கள். தடையின்றி அசைந்தால் குற்றம் கம்பியில்: சேறு இறுகியிருக்கலாம், துரு பிடித்திருக்கலாம், கம்பி எங்கேனும் உரசலாம், இழுப்பு ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். பம்பின் கையே சிக்கினால், அது பம்பு வேலை அறிந்தவரிடம் செல்ல வேண்டியது.

அறுந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக சைக்கிள் டியூபைக் கீறிக் கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. டீசலும் வெப்பமும் பட்டால் ரப்பர் நைந்துபோகும். நைந்து அறுந்த வேளையில் வண்டி எங்கே நிற்கும், எதிரே யார் நிற்பார்கள் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்!

வீட்டார் அனைவரும் அறிய வேண்டியது

நம் வீடுகளில் டிராக்டர் நிற்கும் முற்றத்தில்தான் குழந்தைகள் விளையாடுகிறார்கள். பெண்கள் நெல் காயவைக்கிறார்கள். ஆகவே ஓட்டுநர் மட்டுமன்றி, வீட்டிலுள்ள பெரியவர் அனைவரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பழைய டீசல் டிராக்டரைச் சாவியைத் திருப்பி நிறுத்த இயலாது. டீசலைத் துண்டிக்கும் ஸ்டாப் பிடியை இழுத்தால்தான் என்ஜின் நிற்கும். அப்பிடி எங்கே இருக்கிறது, எப்படி இழுப்பது என்பதை இன்றே வீட்டாருக்குக் காட்டிவிடுங்கள். அந்தக் கேபிள் பழுதுபட்டிருந்தால் அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். டீசல் டேங்க்கின் குழாயை மூடினாலும் என்ஜின் நிற்கும். ஆனால் ஃபில்டரிலும் குழாயிலும் எஞ்சிய டீசல் தீரும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். அவசரத்தில் அது உதவாது.

சோதிக்கும்போது லுங்கி, துண்டு, துப்பட்டி ஆகியவற்றின் நுனிகள் தொங்கலாகாது. ஓடும் என்ஜினின் விசிறி அருகே கையை நீட்டவும் கூடாது.

மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கம்பிகளில் ஒட்டிய சேற்றைத் துடையுங்கள். மூட்டுகளில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஸ்பிளிட் பின்கள் அனைத்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். எங்கேனும் கட்டுக்கம்பி தென்பட்டால் அன்றே அதை அகற்றி உரிய பின்னைப் பொருத்துங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் விட்டதற்குப் பத்து நாள் அறுவடையை விலையாகக் கொடுத்தோம். அந்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டியதில்லை.