முழங்கால் மூட்டுத் தேய்வும் எடைக் குறைப்பும்

முழங்கால் மூட்டுத் தேய்வு என்பது தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் உள்ள குருத்தெலும்பு படிப்படியாகச் சிதைவதாலும், அதைச் சுற்றியுள்ள எலும்பு, மூட்டுறை, தசை ஆகியவை மாற்றமடைவதாலும் ஏற்படும் நோய் ஆகும். வலி, காலையில் சிறிது நேரம் நீடிக்கும் விறைப்பு, படியேறுவதில் சிரமம் ஆகியன இதன் முதன்மையான அறிகுறிகள். முதுமை, மரபு, பழைய காயங்கள் ஆகியவற்றுடன் மிகையான உடல் எடையும் இந்நோய்க்குக் காரணமாகிறது. இவற்றுள் மாற்றக்கூடியது எடை ஒன்றே. ஆனால் வலியால் நடப்பது குறைகிறது, நடப்பது குறைந்தால் எடை கூடுகிறது, எடை கூடினால் வலி மிகுகிறது. இந்தச் சுழலில் சிக்கிய பலர் எடைக் குறைப்பு தமக்கு இயலாத ஒன்று எனக் கருதிவிடுகின்றனர்.

மூட்டின் மீதான சுமை

முழங்கால் தாங்குவது உடலின் எடையை மட்டும் அன்று. நடக்கும்போது கால் மடங்கிவிடாமல் நிறுத்துவதற்குத் தொடைத் தசைகள் இழுக்கின்றன. இத்தசைகள் மூட்டின் சுழல் மையத்திற்கு மிக அருகில் எலும்புடன் இணைந்திருப்பதால், நெம்புகோல் விதிப்படி, அவை பெரிய விசையைச் செலுத்த வேண்டியுள்ளது. அவ்விசையும் மூட்டையே அழுத்துகிறது.

பெர்லின் நகர ஆய்வாளர்கள் உணரிகள் பொருத்திய செயற்கை முழங்கால் மூட்டுகளைக் கொண்ட ஐவரிடம் இதனை நேரடியாக அளந்து 2010 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சமதரையில் நடக்கும்போது மூட்டின் மீதான விசை உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்காகவும், படியேறும்போது 3.2 மடங்காகவும், படியிறங்கும்போது 3.5 மடங்காகவும் இருந்தது. ஏறுவதை விட இறங்குவதே மூட்டுக்குக் கடினம் என்பது குறிப்பிடத்தக்கது.

மூட்டுத் தேய்வு உடைய 142 பேரிடம் நடத்தப்பட்டு 2005 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஒரு கிலோகிராம் எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோகிராம் அளவு குறைவது தெரியவந்தது. இதன்படி 5 கிலோகிராம் குறைத்த ஒருவர் நாளொன்றுக்கு 4,000 அடிகள் நடப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு முழங்காலும் 2,000 முறை, முறைக்கு 20 கிலோகிராம் வீதம், மொத்தம் 40 டன் சுமையைத் தவிர்க்கிறது.

"தேய்வு" என்ற பெயர் ஓரளவு தவறான எண்ணத்தைத் தரவல்லது. வண்டிச் சக்கரத்தைப் போலப் பயன்படுத்தப் பயன்படுத்த மூட்டு தேயும் என்றெண்ணிப் பலர் அசைவையே நிறுத்திவிடுகின்றனர். உண்மையில் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது அழுந்தித் தளர்வதன் மூலமே அது மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. அசையாத மூட்டைச் சுற்றியுள்ள தசைகளும் மெலிகின்றன.

உணவு

அமெரிக்காவின் வட கரோலினாவில், மூட்டுத் தேய்வுடன் மிகை எடையும் கொண்ட 454 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 18 மாதங்கள் கவனித்த ஆய்வு ஒன்று 2013 ஆம் ஆண்டில் வெளியானது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள் சராசரியாக 1.8 கிலோகிராமும், உணவை மட்டும் கட்டுப்படுத்தியவர்கள் 8.9 கிலோகிராமும், இரண்டையும் செய்தவர்கள் 10.6 கிலோகிராமும் எடை குறைந்தனர். வலி குறைவதிலும் இயங்கும் திறன் கூடுவதிலும் மூன்றாம் குழுவே முன்னிலை வகித்தது.

நடக்க இயலாதவருக்கு இம்முடிவு முக்கியமானது. எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு உணவுக்கு உரியது, அதற்கு முழங்கால் தேவையில்லை. 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 2 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 100 முதல் 130 கிலோகலோரி. நாள்தோறும் மூன்று குவளை தேநீர், குவளைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரையுடன் அருந்துபவர் அச்சர்க்கரையை விட்டாலே சுமார் 120 கிலோகலோரி மிச்சமாகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்யிலும், அது நல்லெண்ணெய் ஆயினும் தேங்காய் எண்ணெய் ஆயினும், இதே அளவு ஆற்றல் உள்ளது. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 130 கிலோகலோரி இருப்பதால், சோற்றின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் காய்கறி உண்பதும் பயன் தரும். எனினும் பருப்பு, பயறு, முட்டை, மீன், மோர் போன்ற புரத உணவுகளைக் குறைத்தல் ஆகாது. புரதம் குறைந்தால் கொழுப்புடன் தசையும் கரையும், மூட்டைத் தாங்குவதோ தசைதான்.

உடற்பயிற்சி

உடற்பயிற்சி எடையைச் சிறிதளவே குறைத்தாலும், தசையைக் காத்து வலியைத் தணிக்கிறது. மேற்கூறிய ஆய்வில் பங்கேற்றோர் வாரம் மூன்று நாட்கள், நாளுக்கு ஒரு மணிநேரம், நடையும் தசைவலுப் பயிற்சியும் செய்தனர். அவ்வளவு இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே தொடங்கலாம். முழங்காலை நேராக நீட்டி ஐந்து வினாடிகள் நிறுத்தி மெதுவாக இறக்குவது தொடையின் முன்தசைக்கு எளிய பயிற்சியாகும். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது அடுத்த படி. தாழ்வான இருக்கை மூட்டைக் கூடுதலாக மடக்குவதால், தொடக்கத்தில் உயரமான நாற்காலியே ஏற்றது.

நீரில் மிதப்பு விசை எடையைத் தாங்குகிறது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழ பாதியையும், மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கையும் மட்டுமே சுமக்கின்றன. நீச்சல் தெரியாதவரும் நீருக்குள் நடக்கலாம். குளம் வாய்க்காதவர்களுக்கு நிலையான மிதிவண்டி உதவும், இருக்கையைச் சற்று உயர்த்தி வைத்தல் வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மாற்றுத்திறனாளிகளையும் உள்ளடக்கியவை. வாரத்திற்கு 150 நிமிடங்கள் என்ற இலக்கை எட்ட இயலாவிடினும், சிறிதளவு இயக்கமும் பயனுடையது என அவை கூறுகின்றன.

எச்சரிக்கைகள்

பயிற்சியின்போது இலேசான வலி இருப்பது இயல்பு. அடுத்த நாளும் மிகுந்த வலி தொடர்ந்தால், பயிற்சியை நிறுத்துவதை விட அதன் அளவைக் குறைப்பதே வழக்கம். மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் அல்லது நெஞ்சுவலி இருந்தாலோ மருத்துவரை உடனே நாட வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். ஆகவே அவர்கள் மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்ட பின்னரே உணவை மாற்றுதல் வேண்டும்.