சாக்லேட் சுவைக்கப் போனேன்!



‘சாக்லேட் சுவைத்துப் பார்க்க வருகிறீர்களா?’ என்று யாரேனும் உங்களை அழைத்தால் என்ன நினைப்பீர்கள்? ‘இது என்ன குழந்தை விளையாட்டு?’ என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். அழைத்தவள் என் தங்கை மகள். கோவையில் உணவியல் படிக்கிறாள். நகரத்துக் கடை ஒன்றில் மாதத்திற்கு ஒருமுறை மாலை நேரத்தில் பத்துப் பேரை அமர வைத்து, விதவிதமான சாக்லேட்டுகளைத் துண்டு துண்டாகக் கொடுத்து, விளக்கமும் சொல்கிறார்களாம். கட்டணம் தலைக்கு 600 ரூபாய்! ஓதிக் கொடுத்து வாழ்கிற எனக்கு அது ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு. “பணம் கட்டியாகிவிட்டது மாமா, வராவிட்டால் வீணாகிவிடும்” என்று அவள் சொன்ன பிறகே புறப்பட்டேன். வீண் என்ற சொல்லுக்கு நான் அஞ்சுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

போவதற்கு எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் ஊர் ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது. தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோக்கோ வளர்க்கிறார்கள். என்னிடம் ஓத வரும் பிள்ளைகள் சிலரின் தந்தையர் அந்தத் தோப்புகளில் கூலி வேலை செய்பவர்கள். ஒரு நாள் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் மஞ்சள் நிறக் கோக்கோ காய் ஒன்றைக் கொண்டு வந்து என் முன் வைத்து, “இதிலிருந்தா ஹஜ்ரத் சாக்லேட் செய்கிறார்கள்?” என்று கேட்டான். உடைத்துப் பார்த்தோம். வெண்மையான சதை மூடிய முப்பது நாற்பது விதைகள். சதை சீத்தாப்பழம் போல இனித்தது; விதையோ வேம்பாய்க் கசந்தது. அவன் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான விடை இல்லை.

கடைக்குள் நுழைந்ததும் குளிர்ச்சி முகத்தில் அடித்தது. சாக்லேட்டுக்காகத்தான் அந்தக் குளிரூட்டல், நமக்காக அல்ல! நீண்ட மேசையில் ஒவ்வொருவர் முன்னும் ஒரு வெள்ளைத் தட்டு, அதில் ஏழு சிறு துண்டுகள். பக்கத்தில் வெதுவெதுப்பான நீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். ஒரு சுவை அடுத்த சுவையோடு கலந்துவிடாமல் நாவைக் கழுவிக் கொள்வதற்காம்.

விளக்கம் சொன்ன இளம்பெண், “முதலில் யாரும் கடிக்காதீர்கள்” என்றார். பார்க்க வேண்டுமாம், மேற்பரப்பு பளபளவென்றிருக்க வேண்டும். பிறகு காதருகே வைத்து உடைக்க வேண்டுமாம். ‘டக்’கென்று ஓசை வந்தால் கொழுப்பு சரியான பதத்தில் உறைந்திருக்கிறது என்று பொருள். பிறகு முகர வேண்டும். கடைசியில்தான் நாவில் வைத்து, மெல்லாமல், தானே கரைய விட வேண்டும். கோக்கோ வெண்ணெய் நம் உடற்சூட்டிற்குச் சற்றுக் கீழேயே, ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகிவிடுகிறது. கையில் திடமாக இருப்பது வாயில் நீராவது அதனால்தான்.

பிஸ்மி சொல்லி முதல் துண்டை வாயிலிட்டேன். பழக்கமான இனிப்பு. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் மலிவு ரகம். கரையவே இல்லை; அண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒட்டிக் கொண்டது. “இது சாக்லேட்டே அல்ல” என்றார் அந்தப் பெண். ‘காம்பவுண்டு’ என்று வணிகத்தில் பெயராம். கோக்கோ வெண்ணெய் விலை அதிகம் என்பதால் அதை எடுத்துவிட்டு, தாவரக் கொழுப்பையும் கோக்கோ தூளையும் சர்க்கரையையும் சேர்த்துச் செய்வது. வெயிலில் எளிதில் உருகாது, பதம் பார்த்து உறைய வைக்கும் வேலையும் இல்லை. மலைவாசத் தலங்களில் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று விற்பனையாகும் பலவும் இதுதானாம்.

எனக்குச் சுருக்கென்றது. குர்ஆன் ஓதி முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபது ஆண்டுகளாக நான் பரிசாகக் கொடுத்து வருவது இந்த ரகத்தைத்தான். விலை குறைவாக வாங்குவது குற்றமல்ல. ஆனால் என்ன வாங்குகிறோம் என்று ஒருமுறையேனும் உறையைத் திருப்பிப் படித்திருக்கலாம் அல்லவா? நீங்களும் அடுத்த முறை பாருங்கள். சேர்மானப் பட்டியலில் கோக்கோ வெண்ணெய் என்ற பெயரே இல்லாமல் ‘ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு’ என்று இருந்தால் அது காம்பவுண்டு. அதே பட்டியலில் 471 என்ற எண் இருந்தால் அது கொழுப்பிலிருந்து எடுக்கப்படும் பால்மமாக்கி. அந்தக் கொழுப்பு தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக் கொள்வது நலம்.

இரண்டாவது வெள்ளைச் சாக்லேட். அதில் கோக்கோவின் வெண்ணெய் மட்டும் உண்டு, கசப்புத் தரும் பகுதி இல்லை. மூன்றாவது பால் சாக்லேட். சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் 1875ஆம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்த கலவை இது. இவ்விரண்டையும் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை; இனித்தன, அவ்வளவே.

நான்காவது துண்டுக்கு முன், கொட்டை எப்படிச் சாக்லேட்டாகிறது என்று விளக்கினார்கள். காயை உடைத்து, சதையோடு விதைகளை மரப்பெட்டியில் குவித்து வாழையிலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்க விடுகிறார்கள். சதையிலுள்ள சர்க்கரை முதலில் ஆல்கஹாலாகிறது. பிறகு அதுவே காடியாகிறது. குவியலின் சூடு 45 பாகைக்கும் மேல் ஏறுகிறது. விதையின் முளைக்கும் உயிர் மடிந்து, கசப்புக் குறைந்து, பின்னர் வறுக்கும்போது மணமாக மலரப் போகும் பொருள்கள் அப்போதுதான் உள்ளே உருவாகின்றன. புளிக்காத கொட்டையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் மணம் வராதாம்.

தங்கை மகள் என் காதருகே, “மாமா, ஆல்கஹால் என்கிறார்களே?” என்றாள். நல்ல கேள்வி. மது தானாகவே காடியாக மாறிவிட்டால் அந்தக் காடி ஆகுமானது என்பதில் நம் சட்ட நூலாருக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பொருளின் தன்மை மாறும்போது அதன் சட்டமும் மாறுகிறது. இங்கோ அந்தக் காடியும் பெரும்பகுதி வெயிலிலும் வறுப்பிலும் ஆவியாகிப் போய்விடுகிறது. மதரஸாவில் பல ஆண்டுகள் நடத்திய பாடத்திற்கு ஒரு சாக்லேட் கடையில் இத்தனை அழகான உதாரணம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை!

ஆனால் ஐந்தாவது துண்டின் கதை வேறு. அதில் பழத் துண்டுகள் தெரிந்தன. கேட்கலாமா, கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்று ஒரு கணம் தயங்கினேன். தொப்பியும் தாடியுமாக அமர்ந்திருப்பவன் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? “அம்மா, இந்தத் திராட்சை எதில் ஊறியது?” என்றேன். “ரம்மில் ஊற வைத்தது ஐயா. முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்” என்று சொல்லி, எங்கள் தட்டுகளை எடுத்துச் சென்று வேறு தட்டுகளில் புதிதாக வைத்துக் கொண்டு வந்தார். எதிரில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், “எனக்கும் அது வேண்டாம் அம்மா” என்றார். அவர் நம் சமுதாயத்தவர் அல்லர். கேட்பதற்குக் கூச்சப்பட்டு அமர்ந்திருந்தாராம்.

ஆறாவது துண்டில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “இது ஆனைமலைக் கொட்டை. 70 சதவிகிதம்” என்றார்கள். அதாவது நூறு கிராமில் எழுபது கிராம் கோக்கோ, மீதி சர்க்கரை. வாயில் வைத்ததும் கசப்பு. பொறுத்திருந்தால் அதன் பின்னாலிருந்து மெல்ல ஒரு புளிப்பு, அதற்கும் பின்னால் பனங்கருப்பட்டியின் சாயல். சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: “ஆரஞ்சு”, “உலர் திராட்சை”, “தேன்”. அந்தப் பெண் எல்லாவற்றையும் பலகையில் எழுதினார். என் கண்முன்னோ அந்த மரப்பெட்டிகளும் வாழையிலையும் நின்றன. ஏழாவது, மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டை. கடுங்கசப்பு, வேறொன்றும் தோன்றவில்லை.

உலகின் கோக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அங்கே கோக்கோ வேலையில் ஈடுபட்டிருந்த குழந்தைத் தொழிலாளர் ஏறத்தாழ 15.6 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. பலகையில் எழுதப்பட்ட சுவைகளுக்கிடையே இதை யாரும் சொல்லவில்லை. நானும் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பேருந்தில் வரும்போது தோன்றியது.

புறப்படும்போது ஆனைமலைக் கட்டி ஒன்று வாங்கினேன். 60 கிராம், 320 ரூபாய். ஒரு கட்டிக்கு ஏறத்தாழ ஐம்பது கிராம் காய்ந்த கொட்டை செலவாகும். விலை உச்சத்திலிருந்த 2024இல், நம் பக்கத்தில் கிலோ ஆயிரம் ரூபாய் வரை போனபோதுகூட, அந்தக் கொட்டைக்கு ஐம்பது ரூபாய்தான். வறுப்பவர், அரைப்பவர், கடை வாடகை, குளிரூட்டல் எல்லாம் உண்டு. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் அஸருக்குப் பின் அந்த மாணவனையும் அவன் அத்தாவையும் வரச் சொன்னேன். உறையிலிருந்த விலைச்சீட்டை முன்பே கிழித்து எடுத்துவிட்டேன். பையன் ஒரு துண்டை வாயிலிட்டு, முகத்தைச் சுளித்து, “கசக்குது ஹஜ்ரத்” என்று வெளியே ஓடிவிட்டான். அவன் அத்தா ஆறு ஆண்டுகளாக அந்தப் பெட்டிகளைக் கிளறுகிறவர். கொட்டையைத் தின்று பார்த்திருக்கிறாரே தவிர, அதன் சாக்லேட்டைத் தின்றதில்லை. துண்டை முதலில் முகர்ந்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே மெல்லாமல் நாவில் வைத்திருந்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“நல்லா இருக்குதுங்க ஹஜ்ரத். ஆனா கொஞ்சம் காடி நிக்குது.”

“ஆரஞ்சு என்றார்கள் அங்கே” என்றேன்.

சிரித்தார். “கடும் வெயில்ல காய வச்ச கொட்டைங்க இது. மேல்தோல் சட்டுனு காஞ்சுபோயி, காடி உள்ளயே நின்னுருக்குது. களத்துல கனமாப் பரப்பி, அப்பப்பக் கிளறி, மெதுவாக் காய விட்டிருந்தா போயிருக்கும்.” பிறகு மீதிக் கட்டியைக் காகிதத்தில் பத்திரமாக மடித்தவாறே கேட்டார்: “என்ன விலைங்க இது?”

சொன்னேன். கையிலிருந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு, வீட்டுக்காரிக்கு என்று சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, “அந்தக் கடைக்காரங்களப் பார்த்தீங்கன்னா, மெதுவாக் காய வச்ச கொட்டைய ஒருக்கா கேட்டு வாங்கிச் செஞ்சு பார்க்கச் சொல்லுங்க” என்றார்.

தங்கை மகளிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் அவள் போகும்போது கேட்பதாகச் சொன்னாள்.