இறால் ஓடு மரபணுவைச் சுமப்பது எப்படி?

பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதைத் தயாரித்துவிட்டோம். அப்படியே ஊசியில் ஏற்றினால் என்ன? ரத்தத்திலுள்ள நொதிகள் டி.என்.ஏ.வை நறுக்கிவிடும். தப்பித்துப் போனாலும் செல்சவ்வு உள்ளே விடாது, இரண்டுக்குமே எதிர்மின்னூட்டம்.

மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பது வைரஸ்களுக்குக் கைவந்த கலை. ஆனால் 1999இல் அமெரிக்காவில் அடினோவைரஸ் வழியாக மரபணு செலுத்தப்பட்ட 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர், உடலின் கடும் எதிர்வினையால் இறந்தார். வைரஸ் இல்லாத வழி வேண்டும் என்ற குரல் வலுத்தது.

அப்படியொரு வழிதான் கைட்டோசான். இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினைக் காரத்தில் பதப்படுத்தினால் கிடைக்கும். லேசான அமிலத்தில் அதன் அமினோ தொகுதிகள் நேர்மின்னூட்டம் பெறும். டி.என்.ஏ. கரைசலோடு கலந்தால் போதும், இரண்டும் தாமாகவே சுருண்டு நானோ துகள்களாகும். செல், தன் சவ்வை மடித்துப் பையாக்கி அவற்றை விழுங்கும்.

சிக்கலே அதற்குப் பிறகுதான். பைக்குள் அமிலம் ஏறும். செரிமான நொதிகள் வந்து சேரும். கைட்டோசான் புரோட்டான்களை உறிஞ்ச, நீர் புகுந்து பை வெடிக்கிறது என்பது ஒரு விளக்கம், எல்லோரும் ஏற்கவில்லை. வெளியே வந்தாலும் பிடி தளர வேண்டுமே! நீண்ட கைட்டோசான் சங்கிலி, டி.என்.ஏ.வை எளிதில் விடாது. மிகக் குட்டையானதோ பாதி வழியிலேயே நழுவவிடும்.

1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இத்துகள்களை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்து, நிலக்கடலை ஒவ்வாமையைத் தணித்துக் காட்டினார்கள். மனிதர்களிடம் முந்திக்கொண்டதென்னவோ கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளின் கொழுப்புத் துகள்கள்.