கவசமும் தோலும்

ஒரு பொருளுக்கு நாம் இடும் பெயரே அப்பொருளிடம் நாம் எதிர்பார்ப்பதையும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. பெயர் பொருந்தினால் பயன் விளங்கும். பொருந்தாவிடின் பொருளை வாங்கியவர் ஏமாறுவார். இதற்கு உதாரணம் தேடி இலக்கண நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. பதுளைக் கடைவீதியிலேயே இன்று ஒன்று கிடைக்கிறது. மோட்டார் வாகனங்களின் வர்ணப் பூச்சின்மேல் ஒட்டப்படும், கண்ணாடி போலத் தெளிந்த மெல்லிய படலத்தையே குறிப்பிடுகிறேன். தொழில் செய்வோர் மூன்று ஆங்கில எழுத்துகளால் அதனை 'பி.பி.எப்.' என்று வழங்குகின்றனர். தமிழில் எடுத்துரைக்க முற்படுவோர் 'வர்ணக் கவசம்' என்கின்றனர். அந்தக் கவசம் என்ற சொல்லிலிருந்தே பல தவறான எண்ணங்கள் கிளைத்திருக்கின்றன என்பது என் கருத்து.

கீழைத்தேயக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பண்டிதனுக்கு வாகனத்தின் மேற்பூச்சோடு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் என்னிடம் பயின்ற பிள்ளைகள் எல்லோரும் புலவராகவில்லை. ஆசிரியரானோர் சிலர், கராஜ் வைத்திருப்போர் சிலர், வான் ஓட்டிப் பிழைப்போர் பலர். அவர்களுள் ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை தேடப் புகுந்ததே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தாயார் முப்பதாண்டுக்கு மேல் கொழுந்து பறித்துப் பெற்ற சேமலாப நிதியோடு தம் சிறு சேமிப்பையும் கூட்டி, பழைய ஜப்பானிய வான் ஒன்றை வாங்கினார். காலையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வார்; விடுமுறை நாள்களில் எல்லவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்வார். "ஐயா, வான் முழுவதற்கும் கவசம் ஒட்டிவிட்டால் கல் பட்டாலும் ஒன்றும் ஆகாதாம், கதவின் அடியிலே பிடித்திருக்கிற துருவும் நின்றுபோகுமாம், பிறகு கழுவவே தேவையில்லையாம். கடன் வாங்கியாவது ஒட்டலாமா?" என்று ஒருநாள் கேட்டார். வாகனம் முழுவதற்கும் இதனை ஒட்டுவது பல இலட்சம் ரூபாய் செலவாகும் காரியம். ஆதலின் இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய ஆசை இக்காலத்தில் பெருகியதற்குக் காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். அந்த இடைக்காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே சென்றது. வழி திறந்த பின்னரும் வரிச்சுமை பெரிதாகவே இருந்தது. வாகனம் பயணத்துக்குரிய கருவி என்ற நிலை மாறி, காணி பூமி போல் ஒரு சொத்தாகிவிட்டது. சொத்தைக் காக்க விரும்புவது மனித இயல்பு. அந்த விருப்பத்தின் வழியாகத்தான் தவறான நம்பிக்கைகளும் நுழைகின்றன.

இனிப் பொருளின் இயல்பைக் காண்போம். இப்படலம் பொலியூரேத்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. ஜெர்மானிய வேதியியலறிஞர் ஒட்டோ பேயரும் அவர் குழுவினரும் 1937ஆம் ஆண்டில் இவ்வகைப் பொருளை உருவாக்கினர். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகொப்டர்களின் சுழல் தகடுகளை மணலும் கல்லும் அரித்துத் தேய்த்தன. அந்த விளிம்புகளைக் காக்கவே இத்தகைய படலம் முதலில் பயன்பட்டது. பின்னர் பந்தயக் கார்களுக்கும், அதன்பின் சாதாரண வாகனங்களுக்கும் வந்து சேர்ந்தது.

வாகனத்தின் வர்ணம் ஒரே பூச்சு அன்று. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் இடைப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே தெளிந்த மெருகு எனப் பல அடுக்குகள் உள. தொழிற்சாலையில் பூசப்பட்ட வர்ணத்தில் இவை அனைத்தும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் தடிப்புக்குள் அடங்கும். மில்லிமீற்றர் ஒன்றை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறே மைக்ரோன். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்றால், வர்ணம் எத்துணை மெல்லியது என்பது விளங்கும். ஒட்டும் படலம் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரோன் வரையில் இருக்கும். அதாவது வர்ணம் முழுவதையும்விடச் சற்றுத் தடித்த, நெகிழ்ந்து கொடுக்கும் ஓர் உறை.

கவசம் என்றவுடன் பாரதம் படித்தோருக்குக் கர்ணன் நினைவுக்கு வருவான். பிறவியிலேயே அவனோடு வந்த கவசத்தை எந்தப் படைக்கலமும் துளைக்காது; அதனாலன்றோ இந்திரன் அந்தணன் வடிவில் வந்து அதனை இரந்து பெற்றான்! பதிற்றுப்பத்திலே இப்பொருளுக்கு 'மெய்ம்மறை' என்ற அழகிய சொல் உண்டு. இவையெல்லாம் அடியைத் தடுத்துத் திருப்புவன. நம் படலமோ அடியைத் தான் வாங்கிக்கொள்வது. எனவே இதற்குப் பொருத்தமான சொல் 'தோல்' என்பேன். பழந்தமிழில் தோல் என்ற சொல்லுக்குக் கேடயம் என்ற பொருளும் இருப்பது இங்கு வாய்ப்பாக அமைகிறது. நம் உடம்பின் தோல் என்ன செய்கிறது? சிறு உரசலைத் தாங்குகிறது, சிறு காயத்தை ஆற்றிக்கொள்கிறது, அழுக்குச் சேர்ந்தால் கெடுகிறது, உள்நோயைக் குணப்படுத்துவதில்லை, முதுமை அடைகிறது. இந்த ஐந்தையும் மனத்திற் கொண்டால் தவறான எண்ணங்கள் ஒவ்வொன்றாக விலகிவிடும்.

முதலாவது, கல் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம். பேராதனையில் தொடங்கிப் பதுளை, பசறை, லுணுகலை வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் ஏ5 வீதியிலோ, தோட்டங்களுக்குள் ஏறும் கல் வீதிகளிலோ பயணம் செய்தோர் அறிவர். முன்னே செல்லும் லொறியின் சக்கரம் எறியும் சிறுகல் பொனட்டிலும் பம்பரிலும் புள்ளி புள்ளியாக வர்ணத்தைப் பெயர்த்துவிடும். இத்தகைய சிறுகல்லின் வேகத்தைப் படலம் நெகிழ்ந்து ஏற்றுக்கொள்ளும். அதுவே அதன் தலையாய பயன். ஆனால் பெரிய கல் விழுந்தால் தகடு நசுங்கவே செய்யும். கூரிய முனை பட்டால் படலமும் கிழியும். கதவைச் சுவரில் மோதினாலோ, மற்றொரு வாகனம் இடித்தாலோ அது காக்க வராது.

இரண்டாவது, எல்லாக் கீறலும் தானே ஆறிவிடும் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல படலங்களின் மேலே மீள்தன்மையுள்ள மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. துணியாலும் தூசியாலும் விழும் நுண்ணிய கோடுகள் சூடு பட்டால் மறைந்துவிடும். ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் நண்பகல் வெயிலே இதற்குப் போதும். 1,400 மீற்றருக்கு மேலே மூடுபனிக்குள் இருக்கும் அப்புத்தளையில் வெதுவெதுப்பான நீரை ஊற்ற வேண்டி வரலாம். ஆனால் அந்த மேற்பூச்சைக் கடந்து படலத்தையே அறுத்த கீறல் எந்த வெயிலிலும் ஆறாது. நகக் கீறல் ஆறும். வெட்டுக் காயம் வடுவாக நிற்கும்.

மூன்றாவது, ஒட்டிய பின் கழுவத் தேவையில்லை என்பது. இது முற்றிலும் பிழை. பறவை எச்சம், மரப்பால், இறந்த பூச்சிகள் ஆகியவை படலத்தையும் கறைப்படுத்தும். நிழல் மரங்களின்கீழ் வாகனத்தை நிறுத்தும் தோட்டத்து மக்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கறையை அன்றன்றே ஈரத் துணியால் மென்மையாக அகற்றுவதே நன்று. ஒட்டிய சில நாள்கள் வரையில் கழுவலாகாது. பசை நன்கு பிடிக்க அவகாசம் வேண்டும். அதன் பின்னரும் அழுத்தமான நீர்க்குழாயை ஓரங்களில் நெருக்கிப் பிடித்தால் படலம் கிளம்பிவிடும்.

நான்காவதுதான் ஏழைகளின் பணத்தை விழுங்கும் எண்ணம். துருவும் பழைய கீறலும் இதனால் தீர்ந்துவிடும் என்பது. தெளிந்த படலம் எதையும் மறைப்பதில்லை. அடியிலுள்ள கீறல் அப்படியே தெரியும். துருவோ இரும்பும் நீரும் காற்றும் கூடி விளைவிப்பது. கதவின் அடியில் பிடித்த துரு பெரும்பாலும் உட்புறத்திலே தேங்கிய ஈரத்திலிருந்து வளர்வது. வெளியே படலம் ஒட்டினால் அது உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். சில காலம் சென்று வர்ணம் உப்பி எழும்போது படலத்தையும் இழந்து, தகட்டையும் இழக்க நேரிடும். எனவே முதலில் துருவை வெட்டி நீக்கி, தகட்டைச் சீர்செய்து, வர்ணம் பூசுதல் வேண்டும். புதிதாகப் பூசிய வர்ணத்தில் கரைப்பான் ஆவி முற்றாக வெளியேறச் சில வாரங்கள் செல்லும். அதற்கு முன் ஒட்டினால் கொப்புளம் எழும்.

ஐந்தாவது, இதற்கு எதிர்த்திசையான அச்சம். சில காலத்தில் மஞ்சளாகிவிடும், உரித்தால் வர்ணமும் சேர்ந்து வந்துவிடும் என்று சிலர் இதன் பக்கமே போவதில்லை. பழைய வகைப் படலங்கள் மஞ்சளானது உண்மை. வெயிலின் ஊதாக்கடந்த கதிரைத் தாங்கும் வகைப் பொலியூரேத்தேன் வந்தபின் அக்குறை பெரிதும் குறைந்தது. எனினும் முற்றாக நீங்கவில்லை. பாம்பு சட்டை உரிப்பதுபோல் இதனையும் உரிக்கலாம். மெல்லச் சூடேற்றிப் பொறுமையாக உரித்தால் தொழிற்சாலை வர்ணத்துக்குப் பொதுவாகச் சேதம் நேராது. ஆனால் மலிவாக மீண்டும் ஸ்பிரே அடித்த வர்ணம் தகட்டை உறுதியாகப் பிடித்திராது. அது படலத்தோடு வந்துவிடக்கூடும். நம் வீதிகளில் ஓடும் பழைய வாகனங்கள் பலவும் ஒரு முறையேனும் டிங்கர் வேலை கண்டவை. ஆதலின் ஒட்டுமுன் வர்ணத்தின் வரலாற்றைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

ஆறாவது, தெளிவாக இருப்பவை எல்லாம் ஒன்றே என்ற மயக்கம். 'செரமிக்' என்று விற்கப்படுவது திரவமாகத் தடவப்படும் பூச்சு. அதன் தடிப்பு ஓரிரு மைக்ரோன் அளவே. நீர் முத்தாக உருண்டோடும், அழுக்கு எளிதில் நீங்கும், பளபளப்பும் கூடும். ஆனால் கல்லெறியை அது தாங்காது. பி.வி.சி. என்னும் பொருளாலான மலிவுப் படலமும் உண்டு. அது பொலியூரேத்தேன் அளவுக்கு நெகிழாது; விரைவில் சுருங்கும்; கீறலை ஆற்றாது. இரண்டையும் ஒரே பெயரால் விற்கும்போது வாங்குபவர் பொருளின் பெயரை எழுத்திலே கேட்டுப் பெற வேண்டும். 'வாழ்நாள் முழுவதும்' என்ற வாக்குறுதி வந்தால் யாருடைய வாழ்நாள் என்று கேட்பதும் தகும். நல்ல படலத்துக்கே ஐந்து முதல் பத்தாண்டு வரைதான் பொதுவாக உத்தரவாதம் தரப்படுகிறது.

இவற்றையெல்லாம் அந்த வான்காரத் தம்பியிடம் எடுத்துரைத்தபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்படியானால் எனக்கு இது வேண்டாமா ஐயா?" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "முதலில் டயரைக் காட்டு தம்பி" என்றேன். இரண்டு டயர்களில் வரி தேய்ந்திருந்தது. இறக்கத்தில் பிரேக் சத்தமிடுவதாகவும் அவரே கூறினார். பசறை வளைவுகளில் தினந்தோறும் பதினைந்து பிள்ளைகளை ஏற்றி இறங்கும் வாகனம் அது. கடன் வாங்கும் எண்ணத்தை அவர் அன்றே விட்டார். கையிலிருந்த பணத்தில் பிரேக்கும் டயரும் மாற்றினார். கதவின் துருவை வெட்டிச் சீர்செய்தார். ஆறு மாதம் கழித்துப் பொனட்டின் முழுப் பரப்புக்கும் முன்பம்பருக்கும் மட்டும் படலம் ஒட்டினார். கல் அதிகம் படும் இடங்கள் அவையே. பொனட்டின் பாதிக்கு மட்டும் ஒட்டுவோரும் உளர். ஆண்டுகள் செல்ல, மூடாத பகுதி வெயிலில் வெளிறி, இடையே கோடு தெரியும் என்பதை அவர்கள் நினைவிற் கொள்வது நலம்.

இப்படலம் பயனற்றது என்பது என் கொள்கை அன்று. தன் எல்லைக்குள் அது நல்ல பொருளே. எல்லையை அறியாமல் வாங்கும்போதுதான், கொழுந்துக்கூடை சுமந்த தோள் சேர்த்த பணம் பளபளப்பிலே கரைந்துபோகிறது. மாணவர்களுக்குச் சொற்பொருள் கற்பிக்கும் ஆசிரியர்கள், பழைய நூல்களின் அருஞ்சொற்களோடு விளம்பரப் பலகைகளின் சொற்களையும் இடையிடையே வகுப்பிற்கு எடுத்து வருவார்களாயின் நலம் பயக்கும். 'கவசம்', 'வாழ்நாள்', 'தானே ஆறும்' என்ற மூன்று சொற்களுக்கும் உரை எழுதச் சொல்லிப் பாருங்கள். ஒரு சொல்லுக்கு எல்லை எதுவரை என்று கேட்கப் பழகிய பிள்ளையை எந்தக் கடைக்காரரும் எளிதில் ஏமாற்ற இயலாது.