குளிசைக்குள் எவ்வளவு மருந்து? ஒளியால் அளக்கும் முறை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாமசியில் சிப்ரோபுளொக்சசின் குளிசை வாங்குகிறோம். அட்டையில் 500 மில்லிகிராம் என்று இருக்கிறது. உள்ளே அவ்வளவும் இருக்கிறதா என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குக் கொடுத்திருக்கிறது.

மருந்து ஆய்வுகூடங்கள் இதற்குப் பெரும்பாலும், கலந்திருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியையே பயன்படுத்துகின்றன. துல்லியமான கருவிதான். ஆனால் அசற்றோநைத்திரைல், மெதனோல் போன்ற நச்சுக் கரைப்பான்கள் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் கரைப்பான் கலவை ஓடினாலே எட்டு மணித்தியாலத்தில் அரை லீற்றர் அளவு கழிவு சேர்ந்துவிடும். கரைப்பானை டொலர் கொடுத்து வாங்குகிறோம். கழிவை அழிக்கவும் செலவழிக்கிறோம். 2022இல் மருந்துக்கே டொலர் இல்லாமல் தவித்த நாடு இது.

இதற்கு மாற்றாக ஒளியால் அளக்கலாம். சில மூலக்கூறுகள் புறஊதா ஒளியை உறிஞ்சி, அலைநீளம் கூடிய வேறு ஒளியாக உமிழும். குயினைன் கரைசல் நீலமாக ஒளிர்வதை ஜோன் ஹெர்ஷல் 1845இல் விவரித்தார். 1852இல் அதை விளக்கியவர் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ். இன்றும் ஒளிர்வுமானியைச் சரிபார்க்க, ஐதான சல்பூரிக் அமிலத்தில் கரைத்த குயினைனை எடுப்பதுண்டு. ஐதரோகுளோரிக் அமிலம் கூடாது: குளோரைட்டு அயன் அந்த ஒளிர்வைத் தணித்துவிடும்.

சிப்ரோபுளொக்சசினும் தானாகவே ஒளிரும். குளிசைகளைப் பொடித்து, நிறுத்து, ஐதான அமிலத்தில் கரைத்து, வடித்து, அளவு தெரிந்த நியமக் கரைசலின் ஒளிர்வோடு ஒப்பிட்டால் மருந்தின் அளவு கிடைக்கும். 500 மில்லிகிராமை ஒரு லீற்றரில் கரைத்து மேலும் ஆயிரம் மடங்கு ஐதாக்கினாலும் கருவி அதை உணரும். கழிவு பெரும்பாலும் தண்ணீர்தான்.

எல்லா மருந்தும் இப்படி ஒளிராது. பரசிற்றமோல் அப்படி ஒளிராத ஒன்று. வேறொரு இரசாயனம் சேர்த்து ஒளிர வைக்கலாம். அந்த இரசாயனமே நச்சானால் சூழலுக்கு என்ன நன்மை? ஓர் ஆய்வு முறை சூழலுக்கு எவ்வளவு உகந்தது என்பதை எடைபோட 2020இல் அக்ரீ என்ற மதிப்பீட்டு முறை வந்தது. 0 முதல் 1 வரை புள்ளி தரும். இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. சிதைந்த மருந்தின் துண்டுகளும் சிலவேளை ஒளிரும். அப்போது பழுதான குளிசையும் நல்லதாகத் தெரியும். பிரித்துக் காட்ட எச்.பி.எல்.சி.யே வேண்டும்.

ஆகவே ஒன்றை எடுத்து மற்றதை விடச் சொல்லவில்லை. தானாக ஒளிரும் மருந்துகளின் அளவை முதலில் ஒளியால் பார்த்து, ஐயம் எழுந்த தொகுதிகளையும் சிதைவு பற்றிய சோதனைகளையும் எச்.பி.எல்.சி.க்கு அனுப்பலாம். அதற்கு முன் ஒவ்வொரு மருந்துக்கும் இரு முறைகளின் முடிவுகளும் ஒத்துப்போவதை நம் ஆய்வுகூடங்களிலேயே நிறுவ வேண்டும்.