குழாயிலே விழுந்த வளையங்கள்

மார்கழி மாதத்துக் காலையொன்று. வடமராட்சிப் பாடசாலையொன்றில் நான் இரசாயனம் கற்பித்த காலம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சோதனைக்குழாயொன்றை ஏந்தியவண்ணம் ஆய்வுகூடத்துக்குள் வந்தான். மகனீசியம் குளோரைட்டைச் செலற்றினோடு கரைத்து உறையவிட்டு, மேலே அமோனியாக் கரைசலை ஊற்றும்படி பணித்தவன் நானே. வெண்ணிற வீழ்படிவு மேலிருந்து கீழாகச் சீராய்ப் பரவும். அதன் வேகத்தை அளந்து எழுதவேண்டும். அவன் குழாயிலோ வெண்மை சீராகப் பரவவில்லை. வளையம், வெற்றிடம், மீண்டும் வளையம், வெற்றிடம் என்று அடுக்கடுக்காக நின்றது.

"செலற்றினைச் சரிவரக் கலக்கவில்லை" என்று கூறி, அவன் கொப்பியிலே சிவப்பு மையாற் 'பிழை' என்று எழுதினேன். அவன் மறுமொழி பேசவில்லை. பத்து நாட்களின் பின் மூன்று குழாய்களோடு வந்தான். பகல் வெக்கையில் இளகிவிடாதிருக்க, வீட்டுத் தண்ணீர்க்குடத்தடி ஈரமணலிலே புதைத்து வைத்திருந்தானாம். மூன்றிலும் அதே வளையங்கள்.

"சேர், மூன்று முறையும் ஒரே மாதிரிப் பிழை வருமோ?"

அன்றிரவு பழைய நூல்களைப் புரட்டினேன். 1896ஆம் ஆண்டிலேயே லீசெகாங் என்னும் ஜெர்மானியர், செலற்றின் பூசிய கண்ணாடித் தட்டில் இத்தகைய வளையங்களைக் கண்டிருக்கிறார். ஒசுவாலிட்டு சொன்ன காரணம் எளிது. இரு பொருள்களும் சந்தித்தவுடன் வீழ்படிவு உண்டாவதில்லை; கரைசல் மிகைநிரம்பலாகும்வரை காத்திருந்து, பின் ஒரேயடியாக வீழ்கின்றது. வீழும்போது அயலிலுள்ள பொருளையும் இழுத்துக்கொள்வதால் அப்பால் ஒரு வறண்ட வெளி. அதைக் கடந்த பின்னரே அடுத்த வளையம். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமனும் இவ்வளையங்களின் அலைபோன்ற இயல்பை ஆராய்ந்து, சுப்பராமையாவுடன் 1939இல் கட்டுரை எழுதியுள்ளார். இராமன் கண்டு வியந்ததை நான் பிழையென்று வெட்டியிருந்தேன்!

அடுத்து வாசித்த கதை என்னை இன்னும் சுட்டது. 1951இல் மொஸ்கோவில் பெலூசொவ் என்பவர் சித்திரிக் அமிலம், புரோமேற்று, சீரியம் உப்பு ஆகியவற்றை அமிலக் கரைசலிற் கலந்தார். கலவை மஞ்சளாயிற்று; நிறம் நீங்கிற்று; மறுபடியும் மஞ்சளாயிற்று. இத்தகைய தாக்கம் நிகழவியலாது என்று சஞ்சிகை ஆசிரியர் கட்டுரையைத் திருப்பிவிட்டார். 1959இல், கதிரியக்க மருத்துவச் சுருக்கத் தொகுப்பொன்றிலேதான் அதற்கு ஒரு மூலை கிடைத்தது. 1961 முதல் ஷபோட்டின்ஸ்கி என்ற இளைஞர் அதனை மீண்டும் செய்து மெய்ப்பித்தார். மெல்லிய படலமாக ஊற்றினால் நிறங்கள் வளைய அலைகளாக நகர்வதும் தெரியவந்தது. பெலூசொவ் 1970இல் மறைந்தார். லெனின் பரிசு வந்ததோ 1980இல்.

மறுத்தவர்களை மூடர் என்று தள்ளிவிடவும் இயலாது. தாக்கம் சமநிலையை நோக்கியே செல்லும், திரும்பாது என்பது வெப்பவியக்கவியல் விதி. ஆயினும் நம் தோட்டங்களில் முன்னாளில் ஆடிய துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். துலா தாழ்ந்தும் எழுந்தும் ஆடுகின்றது. பயிருக்குப் பாய்ந்த நீரோ கிணற்றுக்குத் திரும்புவதில்லை. அவ்வாறே கலவையின் மூலப்பொருள்கள் குறைந்துகொண்டே போகின்றன. இடைவிளைபொருள்கள் மட்டும் ஏறி இறங்குகின்றன. ஒரு பொருள் தன் ஆக்கத்தைத் தானே விரைவுபடுத்துகிறது, மற்றொன்று அதனைத் தடுக்கிறது. ஆட்டத்தின் சூட்சுமம் அவ்வளவே. மூலப்பொருள் தீர்ந்தால் ஆட்டமும் நிற்கும். விதி எங்கும் மீறப்படவில்லை. விதியை வாசித்தவர்களே அவசரப்பட்டனர்.

மறுநாள் அவன் கொப்பியை வாங்கிப் 'பிழை'யை வெட்டி, அருகிலே என் கையொப்பமிட்டேன். அடுத்தடுத்த வளையங்களின் தூரங்களை ஒன்றால் ஒன்று வகுத்தால் ஏறத்தாழ ஒரே எண் வரவேண்டும் என்று நூல் சொன்னது. சாளரத்தடியிலே குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்து அவன் அளவுகளை வாசித்தான், நான் எழுதிக்கொண்டேன்.