கடைந்தெடுத்த மரவை

தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இவ்விரு தொழிலுக்கும் தமிழ் ஒரே வினையை வைத்திருப்பது ஏன் என்று மாணவன் ஒருவன் வகுப்பில் வினவினான். அகராதி பொருள்களை அடுக்கித் தருமேயன்றிக் காரணம் சொல்லாது. காரணத்தைக் கடைசற் பட்டறையிலேதான் காணல் வேண்டும்.

மின்விசை வருவதற்கு முன்னர், கடைசற்காரர் மரத்துண்டை இரு முனைகளுக்கிடையே கிடையாகப் பொருத்தி, அதன்மேற் கயிற்றைச் சுற்றுவர். உதவியாள் ஒருவர் கயிற்றின் இரு தலைப்பையும் மாறி மாறி இழுக்க, மரம் முன்னும் பின்னும் சுழலும். மத்திற் சுற்றிய கயிற்றை நம் அன்னையர் இழுத்ததும் இவ்வாறன்றோ? மத்து நிமிர்ந்து நிற்கும், மரம் படுத்துக் கிடக்கும், வேறுபாடு அவ்வளவே. மரம் தம்மை நோக்கிச் சுழலும்போதுதான் உளி வெட்டும். மறுபுறம் திரும்பும்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்ளல் வேண்டும். இன்றைய பொறி ஒரே திசையிற் சுழல்கின்றது. இயக்கம் மாறிற்று, சொல் மாறவில்லை.

அரபு மொழியிற் கடைசற்காரரைக் 'கர்ராத்' என்பர். கூம்பு வடிவைக் குறிக்கும் 'மக்ரூத்' என்ற சொல்லும் அவ்வேரிலிருந்து பிறந்ததே. கெய்ரோ நகரத்துப் பழைய மாளிகைகளின் பலகணிகளிற் காணும் 'மஷ்ரபிய்யா' என்னும் சாலகம், கடைந்த சிறு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து அமைத்ததாகும். துண்டுகளைச் சேர்த்து எழில் படைக்கும் அவ்வுத்தியைப் பின்னரும் நினைவுகூர நேரும்.

நம் நாட்டுக் கடைசற் கலையை ஆராய்ந்தோருள் ஆனந்த குமாரசுவாமி தலையாயவர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி அவர் 1908இல் வெளியிட்ட நூல், கண்டிப் பகுதிக் கைவினைஞர் மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றும் முறையை விளக்குகின்றது. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெம்மையில் அது உருகி மேலே படியும். அவ்வகைக் கலத்திற்கு நிறம் புறத்திலிருந்து வருவது. யான் ஈண்டு எழுதப் புகுந்த மரவைக்கோ நிறம் மரத்தின் உள்ளிருந்தே வருகின்றது. (மரவை என்பது மரத்தாலாகிய கிண்ணம், நல்ல பழந்தமிழ்ச் சொல், மாணவர் அதனை வழக்கிற் கொண்டுவந்தால் மகிழ்வேன்.)

கருங்காலியும் முதிரையும் இதற்கு ஏற்ற இணை. பழைய இலக்கியத்தில் முதிரை என்றால் பயறு, உழுந்து முதலிய கூலங்கள். ஈழத்து வழக்கிலோ பொன்மஞ்சள் நிறமுடைய வைரமரம். கருங்காலியின் வெளிமரம் வெளிறியது; உள்வைரமே கறுப்பு; அவ்வைரம் நீரில் இட்டால் அமிழும். முதிரையின் தூளோ சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதிய இலங்கை வரலாற்றில், மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கத்துக் காடுகள் முதிரை மரத்தால் நிறைந்திருந்ததையும், அதன் நிழலிலே நாட்கணக்காகக் குதிரையேறிச் சென்றதையும் குறிப்பிடுகின்றார். கல்முனை அந்நாளில் மட்டக்களப்பைச் சேர்ந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். கருங்காலியின் உறவாகிய கலுமெதிரிய என்னும் வரிமரத்தை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அளவின்றி வெட்டியதால் அது அருகிவிட்டதென்றும் அவரே வருந்துகின்றார். வருந்தியும் பயனில்லை, இன்று அம்மரம் அழிவின் விளிம்பில் நிற்கின்றது. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் 1990இல் தடை செய்யப்பட்டது; கருங்காலி சட்டத்தின் காவலில் உள்ளது.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். 8 அங்குல விட்டமும் 4 அங்குல உயரமும் உள்ள உருளைக் கட்டையிலிருந்து, அரை அங்குலக் கனமுள்ள அரைக்கோளக் கிண்ணம் ஒன்றைக் கடைந்தால், கலமாக எஞ்சுவது கட்டையில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேல், மற்றெல்லாம் சீவல். தென்னைக்கோ பலாவுக்கோ அது பெரிதன்று. கருங்காலியில் அவ்வாறு செய்வது கொடுமை.

ஆகவேதான் வளையங்கட்டும் முறை எழுந்தது. சிறு துண்டுகளை இருபுறமும் சரித்து அறுத்து, வட்டமாக ஒட்டி, வளையத்தின்மேல் வளையம் அடுக்கிப் பின்பு கடைவது. ஒரு வளையத்திற்கு 12 துண்டுகளாயின், முனையொவ்வொன்றும் 15 பாகை சரிதல் வேண்டும். முனையொன்றிற் கால் பாகை பிழைத்தாலும், 24 முனைகளிலும் சேர்ந்து 6 பாகை வாய் பிளக்கும்! உள்ளே வெற்றிடமாகவே வளையம் பிறப்பதால் சீவல் குறைவு. கறுப்பு வளையமும் மஞ்சள் வளையமும் மாறி மாறி வரும் அழகைக் கண்டு வியக்கிறோம். அவ்வழகு வறுமை பெற்ற பிள்ளை.

சாய்ந்தமருதில் யான் கண்ட முதிய கடைசற்காரர் காட்டுமரத்தை நாடுவதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகுந்த உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் வீடுகள் தரைமட்டமாயின. இடிபாடுகளிற் கிடந்த முதிரை நிலைகளை அடுப்பெரிக்க எடுத்தோரிடமிருந்து அவர் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்தார். நாட்பட்ட மரமாதலின் அது இனிச் சுருங்குவது குறைவு. பச்சை மரத்தைக் கடைந்தால், காயக் காய வட்டம் நீள்வட்டமாகும். வளையத்தின் நார் சுருங்கினால் ஒட்டு விடும்.

மரவையின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடு நோக்கியும் அவர் உளி செலுத்தினார். முதிரையிலிருந்து கருங்காலிக்கு உளி ஏறும் இடத்தில் ஓசை தாழ்ந்தது. மஞ்சட் சீவல் சுருளாய் எழுந்தது. கறுப்போ பொடியாய் உதிர்ந்தது. அரைநாளிற் கலம் முடிந்தது. தேன்மெழுகு பூசித் துணியால் தேய்த்ததும், கதவு நிலையாய் நின்ற காலத்தில் ஒருவரும் கண்டிராத பட்டொளி முதிரையில் எழுந்தது.

கருங்காலி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். மூலையைக் காட்டினார். பழைய கட்டிலொன்றின் கால். முக்கால்வாசி அறுபட்டுக் கிடந்தது. அதை எடுத்து விரலால் அளந்து பார்த்துவிட்டு, "இன்னும் மூன்று வளையத்துக்குக் காணும், மாஸ்டர்" என்றார்.